மூன்றாம் வகுப்போடு கீழடிக்கு

மேலூரிலிருந்து உள்ளே போகும் மினி பஸ்ஸில் ஏறினால் ஒரு பக்கம் கண்மாய், மறு பக்கம் வெட்டிக் கைவிட்ட கிரானைட் குழிகள் என்று வழி நீளும். அந்த வழியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார். “பேரு போட்டீங்கன்னா நாளைக்கே நாலு பேரு பார்வையிட வந்துருவாங்க சார். அப்புறம் நான் பாடம் நடத்துன மாதிரிதான்.” மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரைக் கீழடிக்குக் கூட்டிப் போகப் போகிறேன், நீங்களும் வாங்க என்று அழைத்திருந்தார்.

கீழடியை நான் முன்பே பார்த்ததுண்டு. இந்த முறை பார்க்க விரும்பியது பிள்ளைகளை. சிறுவர்களுக்கு அறிவியலும் வரலாறும் எழுதிப் பிழைக்கிறவன் நான். எழுதியதை எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, எந்த இடத்தில் புரிகிறது, எந்த இடத்தில் வாய் மட்டும் ஓடுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எழுதுகிறவர்களுக்கு அதிகம் அமைவதில்லை.

காலை உணவுத் திட்டத்துப் பொங்கலைச் சாப்பிட்டுப் பிள்ளைகள் தட்டுக் கழுவிவிட்டு வந்தார்கள். வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. டீச்சர் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார்.

“கிமிலி ஒரு டொப்பன். அவன் நேற்று மூன்று நெசல்களைத் துமக்கினான்.”

பிள்ளைகள் கோரஸாகப் படித்தார்கள். ஒரு தடங்கலும் இல்லை. டீச்சர் கேட்டார்: “கிமிலி யாரு?” “டொப்பன்!” “எத்தன நெசலத் துமக்குனான்?” “மூணு!” “எப்போ?” “நேத்து!” மூன்றுக்கு மூன்று மதிப்பெண்.

“சரி, நெசல்னா என்ன?”

வகுப்பு அமைதியானது. பிறகு முன்வரிசைச் சிறுமி எழுந்து, “அத நீங்கதான் டீச்சர் சொல்லணும்” என்றாள்.

எனக்காகத்தான் இந்த வித்தை. “நம்ம பரீட்சையில பாதிக் கேள்வி இப்படித்தான் சார். பத்தியைப் படித்து விடை எழுதுக. கேள்வியில உள்ள சொல்லப் பத்தியில தேடி, பக்கத்துல இருக்கறத எடுத்து எழுதிட்டா முடிஞ்சது. புரியணும்னு அவசியமே இல்ல. இதுக்கு நூத்துக்கு நூறு வாங்குற புள்ள அஞ்சாம் வகுப்புல அறிவியல் பாடத்தத் திறந்ததும் முழிக்கும்.” கதையில் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது என்றார். நரி, காகம், ராஜா, பாட்டி எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். நான்கு சொல் புரியாவிட்டாலும் அப்புறம் என்ன ஆச்சு என்ற ஆவல் இழுத்துக்கொண்டு போய்விடும். கிணற்றைப் பற்றியோ எலும்பைப் பற்றியோ எழுதிய பக்கத்தில் ‘அப்புறம்’ கிடையாது. அங்கே புரியவில்லை என்றால் புரியவில்லைதான்.

வகுப்பின் மூலையில் வாசிப்பு இயக்கத்துச் சிறு நூல்கள் கயிற்றில் தொங்கின. 2023இல் தொடங்கிய அந்த இயக்கத்தில் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓரம் கசங்கி, அட்டை நைந்து, நன்றாகப் புழங்கிய புத்தகங்கள். கதை படிக்கப் பிள்ளைகளை இனி யாரும் தள்ள வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கசங்கலே சாட்சி. தமிழில் கதையல்லாத சிறுவர் எழுத்துக்கும் நல்ல பரம்பரை ஒன்று உண்டு. பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வந்தது. சுதந்திர இந்தியாவில் எந்த மொழிக்காரரும் பெருமைப்படக்கூடிய வேலை அது. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் துளிர் இதழைத் தொடங்கினார்கள். ஆனால் இவையெல்லாம் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு. எட்டு வயதுக்கு, அதுவும் இப்போதுதான் எழுத்துக் கூட்டி முடித்த பிள்ளைக்கு, உண்மைச் செய்தியை ஒரு பக்கத்தில் சொல்லும் எழுத்து மிகக் குறைவு. அதனால்தான் டீச்சர் தானே எழுதுகிறார்.

அன்றைக்கு அவர் எழுதி நகல் எடுத்திருந்த தாளில் தலைப்பு ‘உறைகிணறு’. கீழே எட்டு வரி, ஒரு படம், படத்தில் நான்கு அம்புக்குறி. சுடுமண்ணால் வளையம் செய்வார்கள், அதை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குவார்கள், மண் சரியாமல் வளையம் தாங்கிக்கொள்ளும், ஆற்றங்கரையில் ஆழம் அதிகம் தோண்டாமலே தண்ணீர் ஊறும், இப்படிப் போயிற்று. தாளைக் கொடுக்கும் முன் பலகையை மூன்றாகப் பிரித்து ‘தெரியும்’, ‘தெரியணும்’, ‘தெரிஞ்சது’ என்று எழுதினார். 1986இல் அமெரிக்கக் கல்வியாளர் டோனா ஓகிள் எழுதி வைத்த முறை இது. இன்று உலகமெங்கும் ஆசிரியர்கள் கையாள்கிறார்கள். நம் பயிற்சிக் கூட்டங்களிலும் சொல்லித் தருவார்கள். மூன்று கட்டத்தையும் நிரப்பிப் படம் எடுத்து அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு.

முதல் கட்டத்தில் ‘கிணறு ஆழமா இருக்கும்’, ‘தவளை இருக்கும்’, ‘எட்டிப் பாக்கக் கூடாது’ என்று வந்தன. பின்வரிசையிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். “டீச்சர், உறை எனக்குத் தெரியும். எங்க வீட்டுக் கக்கூஸ் தொட்டிக்கு அதான் இறக்குனாங்க. வட்டமா, சிமெண்டுல. நாலு உறை.” வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “எழுதுறேன். உறை வட்டமா இருக்கும், நாலு இறக்கலாம். வேற யாரு வீட்டுல இறக்குனாங்க?” ஒன்பது கை உயர்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேரின் கையும் அதில் இருந்தது. அதன் பிறகுதான் தாள் கைக்கு வந்தது. ‘ஒன்றன் மேல் ஒன்றாக இறக்குவார்கள்’ என்ற வரியை அந்தப் பையன் படித்தபோது அவன் கை காற்றில் உறையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டதா என்று சோதிக்க வினாத்தாள் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

படத்தில்தான் சிக்கல். ஒரு சிறுமி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “கிணத்த ஏன் பாதியா வெட்டிட்டாங்க?” வெட்டுத் தோற்றம் என்று நாம் சாதாரணமாக வரைந்துவிட்டுப் போகும் படம் அது. மண்ணுக்குள் இருப்பதைக் காட்டப் பாதியை நீக்கி வரைந்திருக்கிறது என்பது பெரியவர்கள் ஒருகாலத்தில் கற்றுக்கொண்ட வழக்கம், பிறவியிலேயே வருவதில்லை. நானே இப்படி எத்தனையோ படம் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, ஏனென்றால் படிக்கிற இடத்தில் நான் இருந்ததில்லை. டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கொய்யாப் பழம் வாங்கி வந்து நடுவில் வெட்டினார். வெட்டிய பக்கத்தைக் காட்டி, “இத வரைங்க” என்றார். விதையும் சதையும் தோலும் வரைந்து அம்பு போட்டு முடித்தபோது கிணறு தானாக விளங்கியது. பழத்தைத் தின்பதில் வந்த சண்டையைத் தீர்க்கத்தான் நேரமாயிற்று.

வண்டி வந்தது. டிரைவர் அண்ணன் பாட்டை அலற விட, பிள்ளைகள் அதற்கு மேல் அலறினார்கள். ஒத்தக்கடைக்கு முன்பே யானைமலை தெரிய ஆரம்பித்துவிடும். படுத்த யானை மாதிரியேதான் இருக்கும். அந்த மலையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு உண்டு. போகிற வழியில் டீச்சர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ரோட்டோரம் தெரியும் எழுத்தைப் படித்து, அது என்ன சொல்கிறது என்றும் சொல்ல வேண்டும். ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒருவன் படித்தான். “யார மெதுவாப் போகச் சொல்லுது?” “நம்மள.” “நம்மளயா, டிரைவரயா?” “டிரைவர் மாமாவ!” டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எழுத்துக்கு உடனே பலன் கிடைத்ததில் வகுப்புக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒரு சுவரில் பழைய எழுத்து பாதி அழிந்து நின்றது. ‘டங்ஸ்டன்’ என்ற சொல்லை இருபத்தாறு பேரும் தட்டாமல் படித்தார்கள். ங், ஸ், ட என்று அடுக்கி வரும் சொல் அது. மூன்றாம் வகுப்புப் பாட நூலில் வந்திருந்தால் பாதிப் பேர் நொண்டியிருப்பார்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதை எதிர்த்து மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்ததும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் இந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கதை. “டங்ஸ்டன்னா என்ன?” என்று நான் கேட்டேன். “பூமிக்குள்ள இருக்கும் சார். அத எடுத்தா மலை போயிரும்” என்றான் ஒருவன். “பல்புக்குள்ள கம்பி” என்றாள் இன்னொருத்தி. இரண்டும் சரி.

படிப்புத் திறன் குறித்த ஆராய்ச்சிகளில் எனக்குப் பிடித்த ஒன்று 1988இல் வந்தது. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள், திணறிப் படிக்கிறவர்கள். ஆட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த ‘மக்கு’ப் பிள்ளைகள், ஆட்டம் தெரியாத ‘கெட்டிக்கார’ப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். புரிதல் என்பது எந்தப் பத்திக்கும் பொருந்துகிற ஒற்றைத் திறமை என்று நினைத்துத்தான் நாம் பயிற்சித் தாள்களை அடுக்குகிறோம். எதைப் பற்றிப் படிக்கிறோமோ அதைப் பற்றி முன்பே கொஞ்சம் தெரிந்திருப்பதில்தான் பாதிப் புரிதல் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வரும்? உலகத்திலிருந்தும், உலகத்தைப் பற்றி எழுதியதைப் படித்தும்தான். அமெரிக்காவிலும் அப்படிப் படிக்கக் கொடுப்பது குறைவு. நெல் டூக் என்ற ஆய்வாளர் பாஸ்டன் வட்டாரத்தில் இருபது முதல் வகுப்பறைகளில் உட்கார்ந்து கணக்கெடுத்து 2000இல் வெளியிட்டார்: தகவல் தரும் எழுத்தோடு பிள்ளைகள் கழித்த நேரம் நாளுக்குச் சராசரி 3.6 நிமிடம். நம் ஊரில் யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்தால் நல்லது.

ரிங் ரோட்டில் வைகைப் பாலம் வந்தது. மணலும் கருவேலமும் நடுவில் நூலாக ஓடும் தண்ணீருமாகக் கிடந்தது ஆறு. “இதான் வைகையா?” என்று ஒரு குரல் ஏமாற்றத்தோடு கேட்டது. விரகனூரில் ராமேஸ்வரம் சாலையைப் பிடித்து, சிலைமான் தாண்டிக் கீழடிக்குள் திரும்பினோம். இருபுறமும் தென்னந்தோப்பு. தோப்புக்காரர்கள் விட்டுக்கொடுத்த நிலத்தில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் தோண்டத் தொடங்கியது. மூன்று கட்டங்களுக்குப் பின் மாநிலத் தொல்லியல் துறை ஏற்று நடத்துகிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தூணும் முற்றமுமாக நிற்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார்கள் நாலைந்து பேர்.

உள்ளே போகும் முன் முற்றத்தில் ஒரு கணக்கு. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று கண்டு சொன்னதை மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை வெளியிட்டது. இந்த இரண்டு எண்ணும் பிள்ளைகளுக்கு வெறும் ஒலி. டீச்சர் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார், 353 சென்டிமீட்டர் அளந்து முடிச்சிட்டது. மூன்று பிள்ளைகளைத் தலைக்கு மேல் தலையாக அடுக்கினால் வரும் ஆழம் என்று பார்த்துக்கொண்டார்கள். காலத்துக்கு வேறு வழி. “நீ, ஒங்க அம்மா, அம்மாச்சி, அம்மாச்சியோட அம்மா… ஒருத்தருக்கு இருபத்தஞ்சு வருசம்னு வச்சுக்க. எத்தன பேரு நின்னா அந்த நாளுக்குப் போகலாம்?” அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: நூற்று நான்கு பேர். வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது. இருபத்தாறு பேர். இப்படி நாலு வரிசை. கடைசியில் நின்றவள் கையைத் தூக்கி, “நாலாவது வரிசையில கடைசி ஆளு கீழடிக்காரங்களா டீச்சர்?” என்றாள். அவ்வளவுதான். இரண்டாயிரத்து அறுநூறு என்ற எண் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

உள்ளே அவர்கள் ஓடிய இடங்கள் நான் எதிர்பார்த்தவை அல்ல. தங்க நகையைப் பார்த்து ஒரு ‘ஐ’ போட்டுவிட்டு நகர்ந்தார்கள். சுடுமண் வட்டச் சில்லுகள் இருந்த பெட்டியில்தான் நெரிசல். “ஏய், பாண்டிச் சில்லு!” ஓட்டை உடைத்து ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியது, நேற்று மாலை தெருவில் கட்டம் போட்டு நொண்டியடித்ததும் இதே மாதிரிச் சில்லில்தான். விளக்க அட்டையில் இருந்ததை ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்க, மற்றவர்கள் அவளுக்கு முன்னே ஓடி முடித்தார்கள். அடுத்தது பெயர் கீறிய பானை ஓடுகள். ‘ஆதன்’ என்ற பெயரைத் தமிழி எழுத்தில் பார்த்ததும் ஒருவன், “எங்க தட்டுல அப்பத்தா பேரு வெட்டியிருக்கு” என்றான். பானைக்காரர் தன் பானை மாறிப் போகாமலிருக்கப் பெயர் போட்டிருக்கலாம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தக்களிப் பெட்டி முன் ஓட்டம் நின்றது. நடுவில் ஓட்டை போட்ட சிறு சுடுமண் வட்டுகள். அட்டையைப் பிழையில்லாமல் படித்தாள் வகுப்பில் முதலாவதாக வரும் சிறுமி. நூல் நூற்கப் பயன்படும் தக்களி. படித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகரப் பார்த்தாள். டீச்சர் தடுத்தார். “நூல் நூற்கன்னா?” “நூல்ல நூறு டீச்சர்.” காலையில் பலகையில் இருந்த நெசலும் இந்தத் தக்களியும் அவளுக்கு ஒன்றுதான். டீச்சருக்கும் நூற்றுக் காட்ட வராது; எனக்கும்தான்.

பரமக்குடியிலிருந்து பேரன் பேத்தியோடு வந்திருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். “இங்க வாங்கத்தா” என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர் படித்த காலத்தில் பள்ளியில் தக்களி வகுப்பு உண்டாம். தோள் துண்டின் ஓரத்திலிருந்து பிசிர் இழைகள் நாலைந்தைப் பிடுங்கி, விரல்களுக்கிடையே உருட்டி முறுக்கிக் காட்டினார். முறுக்காத இழையை இழுத்தார், அறுந்தது. முறுக்கியதை இழுக்கச் சொன்னார், அறவில்லை. “பஞ்ச இப்படி முறுக்குனாத்தான் நூலு. கையால எம்புட்டு முறுக்குவ? அதுக்காக ஒரு குச்சியில பஞ்சக் கட்டித் தொங்க விட்டுச் சுத்தி விடுவோம். வெறுங்குச்சி ரெண்டு சுத்து சுத்தி நின்னுரும். அடியில கனமா ஒரு வட்டு மாட்டுனா நிக்காமச் சுத்தும். அந்த வட்டுத்தான் இது.” ஒரு பிள்ளையின் பென்சிலை வாங்கி விரலால் சுண்டிச் சுழற்றினார். பிள்ளைகள் கண்ணாடிக்குள் இருந்த வட்டையும் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் படித்த சிறுமி திரும்பப் போய் அட்டையை மறுபடி படித்தாள், இந்த முறை மெதுவாக. சரளமாகப் படிப்பதைப் புரிதலின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். புரிந்த பிறகு அவள் வேகம் குறைந்தது.

பகல் ஏறியபோது விலங்கு எலும்புகள் பக்கம் வந்தோம். கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளைப் புணேயின் டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்து திமிலுள்ள காளை, எருமை, ஆடு, கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று வகை பிரித்திருக்கிறார்கள். ‘திமில்’ என்றதும் ஒருவன் முன்னால் வந்தான். காலையிலிருந்து வாயே திறக்காதவன். எழுத்துக் கூட்டத்தான் இன்னும் வருகிறது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். அவன் வீட்டில் வாடிவாசலுக்குப் போகும் மாடு இருக்கிறது. திமில் எங்கே இருக்கும், கன்றுக்குட்டிக்கு எப்போது எழும்பும், அணைகிறவன் எதை மட்டும் பிடிக்க வேண்டும், வாலைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சரசரவென்று சொல்லிக்கொண்டு போனான். முதலாவதாக வரும் சிறுமி வாய் பிளந்து கேட்டாள். ரெக்டும் லெஸ்லியும் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

பிறகு அவன் சொன்னான்: “அப்ப இவங்களும் சல்லிக்கட்டு விட்ருக்காங்க டீச்சர்.”

எனக்கு உடனே ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. அந்தக் காலத்தில் ஏறுதழுவுதல் இருந்ததற்கு இலக்கியச் சான்று உண்டே என்று ஆரம்பிக்கவும் வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

“எங்க போட்டிருக்கு? காட்டு.”

பையன் அட்டைக்குப் போய் விரல் வைத்துத் தேடினான். மற்றவர்களும் சேர்ந்து தேடினார்கள். திமிலுள்ள காளை என்று இருந்தது. சல்லிக்கட்டு என்று இல்லை. “போடல டீச்சர்.” “அப்ப எலும்பு என்ன சொல்லுது?” “மாடு இருந்துச்சு. திமில் இருந்துச்சு.” “சல்லிக்கட்டு?” அவன் யோசித்தான். “விட்ருக்கலாம். தெரியல.” டீச்சர் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். “விட்ருக்கலாம்னு நெனக்கிறியா, நல்லாருக்கு. நெனச்சது வேற, போட்டிருக்கறது வேற. அதத் தெரிஞ்சுக்கறதுக்கு வேற எத எடுத்துப் பாக்கணும்னு யோசி.” அந்தக் கேள்வியை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டார், திரும்பிப் போய்ப் பலகையில் ‘தெரியணும்’ கட்டத்தில் ஏற்றுவதற்கு.

அன்றைய பயணத்தில் நான் கண்ட மிகப் பெரிய விஷயம் இந்த ‘எங்க போட்டிருக்கு’தான். சொல்லுக்குப் பொருள் தெரிவது ஒரு படி. வரியிலிருந்து செய்தியை எடுப்பது அடுத்த படி. எழுதியிருப்பது எங்கே முடிகிறது, நம் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது அதற்கும் மேல். கதையில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை; காக்கா ஏன் ஏமாந்தது என்பதற்குப் பிள்ளை என்ன சொன்னாலும் ஒருவாறு பொருந்தும். எலும்பைப் பற்றிய வரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பிரித்தறிதல் பெரியவர்களிடமே அருகிப் போயிருக்கிறது என்பதற்குக் கீழடியே சாட்சி. இந்த ஊர்ப் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் வயது ஏறிக்கொண்டே போகிறது. இருபதாயிரம் ஆண்டு என்றுகூட எனக்கு வந்திருக்கிறது, படித்த நண்பர் ஒருவரிடமிருந்து. ஒன்றுமே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்களும் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். இரு சாராரிடமும் எட்டு வயதில் யாரோ ‘காட்டு’ என்று கேட்டிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்தோம். புளிசாதமும் அவித்த முட்டையும். டீச்சர் தாளைத் திரும்பக் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னார். காலையில் அரைகுறையாக நகர்ந்த எட்டு வரியையும் இப்போது ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தார்கள். அகழாய்வுக் குழியில் மண்ணடுக்குகளைப் படமாகப் பார்த்திருந்தவர்களுக்கு அடியில் இருப்பதுதான் பழையது என்பது பிடிபட்டிருந்தது. “எங்க ஊருக் குப்பக் குழியிலயும் அடியில இருக்கறதுதான மொதல்ல கொட்டுனது?” என்று ஒருத்தி கேட்டாள். “உறைகிணத்துத் தாள்ல எத்தன உறைனு போடலயே டீச்சர்” என்றான் கக்கூஸ் தொட்டிக்காரன். எழுதியவரிடமே குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டான். டீச்சர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பத்திரிகையில் இப்படிப்பட்ட வாசகர் கடிதம் வந்தால் நாங்கள் அவ்வளவு பணிவாக நடந்துகொள்வதில்லை.

திரும்பும்போது வண்டியில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். இப்படி ஒரு பயணத்துக்கு வண்டி வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டேன். பாதி பெற்றோர், பாதி அவர் கைக்காசு. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முடியாது. “கீழடிக்குப் போனாத்தான்னு இல்ல சார். ஊருக்குள்ளயே செங்கச் சூளை இருக்கு, கண்மாய் மடை இருக்கு, கல்லு உடைக்கிறவங்க இருக்காங்க. கூட்டிட்டுப் போயிக் காட்டிருவேன். படிக்கக் குடுக்கத்தான் ஒண்ணும் இல்ல. எல்லாத்தயும் நானே எழுதணும். எனக்குச் சூளையில எத்தன நாள் வேகும்னே தெரியாது.”

சில நாள் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு படம் வந்தது. வகுப்பு ஜன்னல் திட்டில் பிள்ளைகள் வைத்த அருங்காட்சியகம்: உடைந்த அரிக்கேன் விளக்கு, செப்புச் சாமான், மாட்டுச் சலங்கை, ஒரு பாண்டிச் சில்லு. ஒவ்வொன்றுக்கும் நோட்டுத் தாளில் விளக்க அட்டை. சில்லுக்கு எழுதியிருந்தது: ‘சில்லு. ஓட்டில் செய்தது. கண்மாய்க் கரையில் கிடந்தது. யார் விளையாடினார்கள் என்று தெரியவில்லை.’ எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. நல்ல தொல்லியல் குறிப்புக்கு வேண்டிய எல்லாமும் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் சூளை வைத்திருப்பவர், மடை திறப்பவர், உறை இறக்குபவர், தறி ஓட்டுபவர், கால்நடை மருத்துவர், மின்வாரியத்தில் கம்பம் ஏறுபவர் யாராவது இருக்கக்கூடும். உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கொடுங்கள். ஒரு தலைப்பு, எட்டே வரி, அம்புக்குறி போட்ட ஒரு படம் போதும். வரி சின்னதாக இருக்கட்டும். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எழுத வராது என்றால் டீச்சரிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய், பிள்ளைகள் அதைப் படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். சூளையில் செங்கல் எத்தனை நாள் வேகும் என்று அந்த டீச்சருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.